பதினான்கு குளங்களும் பதினேழு கணினிகளும்: தக்கலையில் ஒரு பகிர்கணிப்புத் திட்டத்தின் பதிவு

வேளிமலை அடிவாரத்திலிருந்து தக்கலைப் பக்கமாக இறங்கும் ஓர் ஓடையில், ஒன்றின் மறுகால் தண்ணீர் (நிரம்பி வழியும் நீர்) அடுத்ததில் விழும்படி 14 குளங்கள் அமைந்துள்ளன. அவற்றில் மூன்று குளங்களின் நீர்மட்டத்தை 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை நாள்தோறும் காலையில் அளவுகோல் பார்த்துக் குறித்து வந்தேன். அதே மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பொருத்தியிருந்த சாய்கிண்ண மழைமானி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மழையளவைப் பதிவு செய்துகொண்டிருந்தது. 2021 நவம்பர் பெருமழையில் கன்னியாகுமரி மாவட்டமே வெள்ளக்காடானபோது, அந்த ஓடையில் தண்ணீர் எந்த வேகத்தில் ஏறி எப்போது வடிந்தது என்பதும் இந்தப் பதிவில் இருக்கிறது. இதை வைத்துக் குளங்களின் நீர்வரவு செலவைக் கணக்கிடும் ஒரு நிரலை எழுதினேன். அந்த நிரலை ஓட்டுவதற்காக அமைத்த தன்னார்வப் பகிர்கணிப்புத் திட்டத்தைப் பற்றியே, அதாவது பலர் விரும்பித் தரும் வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தில் ஒரே கணக்கைப் பங்கிட்டு ஓட்டுவதைப் பற்றியே, இங்கு எழுதுகிறேன்.

நிரலில் எனக்குத் தெரியாத அளபுருக்கள் (நிரலுக்கு நாம் மதிப்புக் கொடுக்கவேண்டிய எண்கள்) எட்டு. மழையில் எவ்வளவு ஓடையாக ஓடும், மண் எவ்வளவு பிடித்து வைக்கும், ஊற்று நீர் எவ்வளவு தாமதமாக வரும், குளத்தடியில் எவ்வளவு கசியும், மடை எவ்வளவு விடும், மறுகால் எவ்வளவு பாயும், ஆவியாதல் எவ்வளவு, கொள்ளளவில் எத்தனை பங்கு வண்டல் படிந்து போயிற்று என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 12 மதிப்புகளை வைத்தால் மொத்தம் 42,99,81,696 சேர்க்கைகள் வரும். மூன்று ஆண்டுகளைப் பத்து நிமிடப் படிகளாக நடத்தினால் 1,57,824 படிகள். 14 குளங்களுக்கும் சேர்த்து ஒரு சேர்க்கைக்கு 22 லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்புகள். என் மேசைக் கணினிச் செயலியின் ஒரு கரு (core) இதை ஏறத்தாழ 60 மில்லிவினாடியில் முடித்தது. ஆக, எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே கருவில் ஓட்டினால் 298 நாள் ஆகும்.

சிறந்த ஒரு சேர்க்கை மட்டும் போதுமென்றால் இத்தனை பாடு தேவையில்லை. தற்செயல் மாதிரிகளை எடுத்து, நல்லவற்றின் அக்கம்பக்கத்தில் தேடும் முறைகள் ஓரிரவில் ஒரு விடையைக் கொண்டுவந்து தந்துவிடும். ஆனால் நீரியலில் பலர் அனுபவித்த சிக்கல் ஒன்று உண்டு: முற்றிலும் வேறுபட்ட அளபுருத் தொகுதிகள் ஒரே நீர்மட்டக் கோட்டை ஏறத்தாழ ஒரே துல்லியத்துடன் தரக்கூடும். வண்டல் அதிகமும் கசிவு குறைவுமான ஒரு குளமும், வண்டல் குறைவும் கசிவு அதிகமுமான இன்னொரு குளமும் அளவுகோலுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். அப்படிப் பொருந்தும் தொகுதிகள் எத்தனை, அவை எங்கெங்கே பரவிக் கிடக்கின்றன என்று தெரியாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு "இக்குளத்தில் இவ்வளவு வண்டல்" என்று ஊர்க்கூட்டத்தில் சொல்வது பொறுப்பான செயல் ஆகாது. எனவே முழுக் கட்டத்தையும் கணக்கிடுவது என்று முடிவு செய்தேன்.

மாணவனாக இருந்த காலத்தில் வேற்றுலக உயிர்களின் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் (SETI@home) திட்டத்துக்கு என் கணினியின் ஓய்வு நேரத்தைத் தந்திருந்தேன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினர் 1999 மே மாதம் தொடங்கி 2020 மார்ச் 31 வரை வேலை அனுப்பிய அத்திட்டம், அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் 2.5 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை 256 கூறுகளாகப் பிரித்து, 107 வினாடி நீளமுள்ள துண்டுகளாக வீடுகளுக்கு அனுப்பியது. அங்கிருந்தே டேவிட் ஆண்டர்சன் 2002-இல் தொடங்கிய பாய்ங்க் (BOINC) என்ற பொதுக் கட்டமைப்பு பிறந்தது. எவரும் அதை இறக்கித் தமக்கென ஒரு திட்டத்தை நிறுவலாம். நான் அதையே எடுத்துக்கொண்டேன்.

2023 ஜூனில் சர்வர் வேலை தொடங்கியது. வீட்டுப் பிராட்பேண்டில் எனக்கென்று தனி ஐபி எண் கிடையாது என்பதால், இரண்டு ஜிபி நினைவகமுள்ள ஒரு சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். பங்கேற்பவர் வீட்டில் எந்த ஐபி இருந்தாலும் கவலையில்லை. வீட்டுக் கணினியில் ஓடும் பாய்ங்க் கிளையண்ட்தான் எப்போதும் சர்வரைத் தேடிச் சென்று வேலை கேட்கும், சர்வர் ஒருபோதும் வீட்டுக் கணினியைத் தேடி வராது. இங்கே நான் செய்த முதல் தவறைப் பிறர் செய்யக்கூடாது. திட்டத்தின் இணைய முகவரிதான் கிளையண்டுக்கு அத்திட்டத்தின் அடையாளம். ஒரு டொமைன் பெயர் வாங்குவதற்குள் அவசரப்பட்டு ஐபி எண்ணையே முகவரியாக வைத்து ஆறு வீடுகளில் இணைத்துவிட்டேன். அடுத்த மாதம் சர்வரை மாற்றியபோது அந்த ஆறு கணினிகளும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தன. திருவிதாங்கோடு, குலசேகரம், மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு வீடாகப் பைக்கில் போய், பழைய திட்டத்தை நீக்கிப் புதியதை இணைத்து வந்தேன். பெயரை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

திறவுகளிலும் ஒரு நெறி இருக்கிறது. வீடுகளுக்குப் போகும் நிரல் நம்முடையதுதான் என்று கையொப்பமிடும் தனித்திறவை (private key) சர்வரில் வைக்கவே கூடாது. சர்வருக்குள் எவரேனும் புகுந்துவிட்டால், அந்தத் திறவைக் கொண்டு தீய நிரலைக் கையொப்பமிட்டு எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட முடியும். கையொப்பம் சரியாக இருந்தால் கிளையண்ட் அதை ஐயுறாது. இணையத்தோடு சேராத ஒரு பழைய மடிக்கணினியில் கையொப்பமிட்டு, திறவை ஒரு பென் டிரைவில் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நம்மை நம்பித் தம் கணினியைத் திறந்து கொடுத்தவர்களுக்கு நாம் செய்யவேண்டிய முதல் கடமை இது என்று கருதுகிறேன்.

சர்வரில் ஓடும் பின்னணி நிரல்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வேலை உருவாக்கி, வேலையை எடுத்து வைக்கும் ஃபீடர், வேலையின் நிலையை மாற்றும் டிரான்சிஷனர், விடைகளை ஒப்பிடும் வேலிடேட்டர், ஏற்ற விடைகளைச் சேர்க்கும் அசிமிலேட்டர், கோப்பு நீக்கி ஆகிய ஆறும் ஓடவேண்டும். ஃபீடர் நின்றுவிட்டால் தரவுத்தளத்தில் ஆயிரம் வேலை காத்திருந்தாலும் வீடுகளுக்கு ஒன்றும் போகாது, ஏனெனில் வீடுகளுக்கு வேலை வழங்கும் ஷெட்யூலர் பார்ப்பது ஃபீடர் நிரப்பும் பகிர்வு நினைவகத்தை மட்டுமே. சர்வர் மறுதொடக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இப்படிக் கழிந்தபின், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்து எழுப்பிவிடும் கிரான் வரியைச் சேர்த்தேன்.

வேலைத்துண்டின் அளவை முடிவு செய்வதில் அதிக நேரம் செலவிட்டேன். முதல் மூன்று அளபுருக்களை ஒரு துண்டுக்கு மாறாமல் வைத்து, மீதி ஐந்தையும் அத்துண்டுக்குள் ஓட்டுவது என்று பிரித்தேன். இதனால் 1,728 துண்டுகளும், ஒரு துண்டில் 2,48,832 சேர்க்கைகளும் வந்தன. என் கணினியில் ஒரு துண்டு நான்கு மணி நேரம் எடுத்தது. இதைவிடச் சிறிதாக்கினால் சர்வரின் தரவுத்தளம் திணறும். பெரிதாக்கினால் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் இயங்கும் வீட்டுக் கணினிகள் வாரக்கணக்கில் ஒரே துண்டோடு மல்லுக்கட்டும். ஒவ்வொரு துண்டும் இரண்டு வெவ்வேறு கணினிகளுக்குப் போகவேண்டும், இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று அமைத்தேன். மொத்த உழைப்பு இரட்டிப்பாகும் என்று தெரிந்தே செய்தேன். 2010-இல் இதேபோன்ற ஐன்ஸ்டைன் அட் ஹோம் (Einstein@Home) திட்டத்தில் முதல் புதிய பல்சார் (துடிக்கும் விண்மீன்) கண்டறியப்பட்டபோது, அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வீட்டுக் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு கணினியும் அதே தரவைத் தனித்தனியே ஆராய்ந்திருந்தன. ஒன்றையொன்று அறியாத இரண்டு கணினிகள் ஒரே விடையைச் சொல்வதன் மதிப்பு அதில் விளங்கும்.

அந்த இரட்டிப்பு எனக்குப் பயன்பட்ட முதல் இடம் செக்பாயிண்ட். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்து இடி தொடங்கினால், கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே நிரல் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் தன் நிலையைக் கோப்பில் எழுதி, மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். இதற்குத்தான் செக்பாயிண்ட் என்று பெயர். நான் எத்தனையாவது சேர்க்கை என்ற எண்ணை ஒரு கோப்பிலும், அதுவரை தேறிய, அதாவது அளந்த நீர்மட்டத்தோடு போதிய அளவு பொருந்திய, சேர்க்கைகளின் பட்டியலை இன்னொரு கோப்பிலும் எழுதினேன். அக்டோபர் மாதத்தில் சில விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வந்தன. ஒரு விடையில் 40 சேர்க்கைகள் தேறியிருந்தன. அதே துண்டின் மற்ற விடையில் 11 மட்டுமே. அந்தப் 11-உம் முதல் விடையின் கடைசிப் பகுதியில் அப்படியே இருந்தன.

மூன்று இரவு அந்தக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். கரண்டு போன நொடியில் எண் கோப்பு வட்டில் பதிந்துவிட்டது, பட்டியல் கோப்பு பூஜ்ய பைட்டாக நின்றுவிட்டது. மீண்டும் எழுந்த நிரல், "1,60,000-ஆவது சேர்க்கையிலிருந்து தொடர்க, பட்டியல் காலி" என்று எடுத்துக்கொண்டு, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், பாதி விடையை முழு விடையாக அனுப்பியிருக்கிறது. ஒரே கணினியில் ஓட்டியிருந்தால் இதை நான் என்றுமே கண்டுபிடித்திருக்க மாட்டேன். திருத்தம் எளியது, ஆனால் ஒவ்வொரு படியும் வேண்டும்: எண்ணையும் பட்டியலையும் ஒரே கோப்பில் எழுதுவது, அதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதி செய்து, அதன்பின் பெயரை மாற்றுவது, கோப்பின் முடிவில் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்து, அது பொருந்தாவிட்டால் துண்டை முதலிலிருந்து தொடங்குவது. இதைச் சோதிக்க என் மேசைக் கணினியின் பிளக்கை ஒரே மாலையில் முப்பது முறைக்கு மேல் பிடுங்கினேன். அதற்கு முன் வந்த விடைகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, துண்டுகளை மறுபடியும் அனுப்பினேன். ஒன்றரை மாத உழைப்பு போயிற்று. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதித் தெரிவித்தேன்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. செக்பாயிண்ட் சரியான பின்னும், விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினியும் ஒரே துண்டுக்குத் தந்த விடைகள் பைட்டுக்குப் பைட்டு ஒத்துப்போகவில்லை. மறுகால் பாய்ச்சலைக் கணக்கிட ஒன்றரை அடுக்கு எடுக்கவேண்டும். ஊற்று நீருக்கு அடுக்குக்குறிச் சார்பு வேண்டும். இவற்றைக் கணக்கிடும் கணித நூலகங்கள் இரண்டு இயங்குதளங்களிலும் வேறு வேறு என்பதால் கடைசி பிட்டில் வேறுபாடு வரும். ஒரு படியில் வரும் அந்தத் துளி, லட்சக்கணக்கான படிகளில் ஊறிப் பெருகி, பிழையளவின் (கணக்கிட்ட நீர்மட்டத்துக்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாட்டின்) எட்டாவது ஒன்பதாவது இலக்கத்தில் தலைகாட்டியது. இதில் யார் பக்கமும் தவறில்லை. இரண்டு விடைகளும் சரியானவை. அவை ஒன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு.

இதற்கு பாய்ங்க் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒரு துண்டின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே வகை இயங்குதளமும் செயலியும் (CPU) கொண்ட கணினிகளுக்கே அனுப்பச் சொல்லலாம். ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள திட்டத்துக்கு அது நல்ல வழி. என்னிடம் இருந்தவை 17. அவற்றை வகைவகையாகப் பிரித்தால் சில வகைகளில் ஒரே கணினி நிற்கும், அதன் துணைப் பிரதி யாருக்கும் போகாமல் காத்துக்கிடக்கும். ஆகவே இரண்டாவது வழியை, அதாவது சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் வேலிடேட்டரை நானே எழுதுவதைத் தேர்ந்தேன். சி++ மொழியில் மூன்று செயற்கூறுகள் மட்டும் எழுதினால் போதும்: விடையைப் படிக்க ஒன்று, இரண்டை ஒப்பிட ஒன்று, நினைவகத்தை விடுவிக்க ஒன்று.

ஒப்பிடும் செயற்கூறில்தான் சிக்கல் இருந்தது. பிழையளவு 12 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சேர்க்கைகளை எல்லாம் பட்டியலிடுமாறு கேட்டிருந்தேன். சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு சேர்க்கை, ஒரு கணினியில் 11.99999997 என்று தேறிவிடும், இன்னொன்றில் 12.00000001 என்று விழுந்துவிடும். எண்களை மட்டும் பொறுமையோடு ஒப்பிட்டால் போதாது, பட்டியலின் நீளமே மாறிவிடுகிறது. வரிசை எண்ணைக் கொண்டு இரு பட்டியல்களையும் இணைத்து, இரண்டிலும் உள்ளவற்றின் பிழையளவு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒன்றில் மட்டும் இருப்பவை எல்லைக்கு அதே அளவு நெருக்கத்தில் இருந்தால் மட்டும் மன்னித்து, மற்றவற்றைப் பொருந்தாதவை என்று தள்ளும்படி எழுதினேன். இதற்குப்பின் விண்டோஸும் லினக்ஸும் ஒத்துப்போயின.

ஒரு கணினியைத் தவிர. முட்டம் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீட்டிலிருந்த அந்தக் கணினி அனுப்பிய விடைகளில் ஐந்துக்கு ஒன்று எதனோடும் பொருந்தவில்லை. பொருந்தாதபோது சர்வர் தானே மூன்றாவது பிரதியை வேறொரு கணினிக்கு அனுப்பி முடிவு கண்டுகொண்டதால் திட்டத்துக்கு இழப்பில்லை. ஆனால் அந்த வீட்டுப் பையன் அதே கணினியில்தான் தன் கல்லூரிப் பணிகளை எல்லாம் வைத்திருந்தான். நேரில் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உப்புக்காற்று பட்டுத் திருகாணிகள் துருவேறியிருந்தன. ராம் பலகையின் தங்க முனைகள் மங்கிப் பச்சை பூத்திருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஸ்லாட்டில் காற்றடித்துத் திரும்பப் பொருத்தினேன். துடைப்பதற்கு முன் மெம்டெஸ்ட் நிரல் பத்து நிமிடத்தில் பிழைகளைக் காட்டியது. துடைத்தபின் ஓர் இரவு முழுவதும் ஒன்றுகூடக் காட்டவில்லை. "எண்ணே, இதுதான் அடிக்கடி நீலத்திரை வந்ததுக்குக் காரணமா?" என்று அவன் கேட்டான். ஆம். ஓராண்டாக அவன் விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்னொரு வகைத் தோல்வி மடிக்கணினிகளில் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மிதவைப்புள்ளிக் (தசம எண்) கணிப்புகள் தேவைப்படும் என்ற மதிப்பீட்டையும், எத்தனையைத் தாண்டினால் நிறுத்தவேண்டும் என்ற வரம்பையும் நாம் கொடுக்கவேண்டும். வரம்பை மதிப்பீட்டின் இரண்டு மடங்காக வைத்திருந்தேன். கிளையண்ட் தன் வேகத்தைச் சில நொடிச் சோதனையில் அளந்துகொள்கிறது. அப்போது செயலி குளிர்ந்திருக்கும். தகரக்கூரை வீட்டில் கோடைப் பிற்பகலில் ஒரு மணி நேரம் ஓடியபின் அதே செயலி சூட்டைத் தாங்காமல் பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே எண்பது சதவீதம் முடித்த துண்டை, நேரம் கடந்துவிட்டது என்று கிளையண்டே வெட்டிவிட்டது. வரம்பைப் பத்து மடங்காக்கினேன். மடிக்கணினிகளில் பாதிக் கருக்களை மட்டும் பயன்படுத்தவும், பேட்டரியில் ஓடும்போது நிறுத்தவும் அமைத்தேன். விடை அனுப்பும் கெடுவையும் ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளாக நீட்டினேன். தேர்வுக் காலத்திலும் கல்யாண வீடுகளுக்குப் போகும்போதும் மக்கள் ஒரு வாரம் கணினியைத் தொடுவதே இல்லை.

மின்கட்டணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசாமல் யாரையும் சேர்க்கக்கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்த இரண்டாம் நாளே, "மக்களே, பெட்டி ராத்திரி முழுக்க இரையுது, கரண்டு பில்லு கூடுமா?" என்று கேட்டார்கள். கூடும். மின் அளவுமானியைச் சொருகிப் பார்த்தபோது அவர்கள் கணினி சும்மா இருக்கையில் 38 வாட்டும் முழு வேலையில் 82 வாட்டும் எடுத்தது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் அந்த 44 வாட் வேறுபாடு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 16 யூனிட் ஆகும். கேட்பதற்குச் சிறிது. ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறி, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றிக் கீழேயுள்ளவற்றுக்கும் சேர்த்து பில் ஏறும். 490-இல் நிற்கும் வீட்டுக்கு அந்த 16 யூனிட் கனமானது. ஒவ்வொரு வீட்டிலும் பழைய பில்லைப் பார்த்துவிட்டே ஓடும் நேரத்தை முடிவு செய்தேன். இரண்டு வீடுகளை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரப்பர் தோட்ட அலுவலகம் ஒன்றின் கணினியைக் காட்டி, "முதலாளிக்குத் தெரியாது, போடுங்க" என்று ஒருவர் சொன்னதையும் மறுத்தேன். உரிமையாளரின் சம்மதம் இல்லாத கணினியில் இதை நிறுவுவது, எத்தனை நல்ல நோக்கமானாலும், திருட்டு.

2024 ஏப்ரலில் 1,728-ஆவது துண்டும் சரிபார்க்கப்பட்டது. முழுக் கட்டத்திலிருந்து 12 சென்டிமீட்டருக்குள் பொருந்திய சேர்க்கைகள் சில ஆயிரம். மறுகால் அளபுருவும் மண்ணின் பிடிப்பும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மதிப்புகளில் கூடி நின்றன. அவற்றை இனி நம்பலாம். ஆனால் வண்டலும் கசிவும் நான் அஞ்சியபடியே ஒரு சாய்கோட்டில் பரவிக் கிடந்தன: வண்டல் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், பத்தில் நான்கு பங்கு என்று வைத்தாலும், கசிவைச் சற்று மாற்றினால் நீர்மட்டக் கோடு மாறாமல் வந்தது. எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும், அளவுகோல் பார்த்த குறிப்புகளிலிருந்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்குக் குளத்தில் இறங்கவேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் நீர் வற்றியிருந்தபோது, திட்டத்தில் பங்கேற்ற ஐந்து பேரோடு மேலிருந்து நான்காவது குளத்தில் இறங்கினோம். கரையிலிருந்து கயிறு கட்டி, பத்து மீட்டருக்கு ஓர் இடமாக இரும்புக் கம்பியைச் செருகி, அது கடினத் தரையில் முட்டும் ஆழத்தைக் குறித்தோம். மடைக்கு அருகில் கம்பி முழங்கால் உயரத்துக்கு மேல் சேற்றில் இறங்கியது. மேல்பகுதியில் ஒரு சாண்தான். அளவுகோல் பார்த்த மற்ற இரண்டு குளங்களை அளப்பதற்குள் கோடை மழை வந்துவிட்டதால் அவை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போயின. வண்டல் அளவு தெரிந்துவிட்டால் அளபுருக்கள் ஏழாகக் குறையும். 3,58,31,808 சேர்க்கைகள், 144 துண்டுகள் போதும். வேலை உருவாக்கியின் நிரலை அதற்கேற்ப மாற்றி வைத்துவிட்டேன். முட்டத்துக் கணினியும் பட்டியலில் இருக்கிறது.